ய, ள, ன, க

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதிக்குப் பிறகு பாதுகாப்புத் திருத்தங்கள் வராது என்ற செய்தி, கோவில்பட்டியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்குச் சற்றுத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. தாலுகா அலுவலகத்துக்குப் போகிற வழியில் இருந்த கடை. மனு, வாடகை ஒப்பந்தம், கிரயப் பத்திரம், பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று காலையிலிருந்து கடை அடைக்கும்வரை தமிழ்த் தட்டச்சு ஓடிக்கொண்டே இருக்கும். 2001 அக்டோபரில் வெளிவந்த எக்ஸ்பி அங்கே யாருக்கும் அலுத்துப்போகவில்லை. ஆனால் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் பென்டிரைவ் எல்லாம் எங்கள் கணினிகளில்தான் செருகப்பட்டன. திருத்தமே வராத கணினியில் ஊர்ப் பென்டிரைவையெல்லாம் செருகிக்கொண்டிருந்தால், என்றைக்காவது ஒருவருடைய பத்திர நகல் காணாமல் போகும். அந்தக் கவலை எனக்கு இருந்தது.

முதலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். எங்கள் கணினிகளின் ரேமுக்குப் புது விண்டோஸ் தாங்காது; புதிய கணினிகள் வாங்க வேண்டும். அண்ணாச்சி தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “இந்த வருஷம் அதுக்குத் தோது இல்லப்பா. இருக்கிறத வச்சு என்ன செய்ய முடியும், அதச் சொல்லு” என்றார். லினக்ஸ் போடலாம் என்றேன்.

லினக்ஸை நான் முதலில் பார்த்தது என் சித்தி மகனின் மடிக்கணினியில். தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவனுக்குக் கிடைத்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. அவனோடு படித்தவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. நான் விடுமுறை நாளில் அதைத் திறந்து, மெனுக்கள் தமிழில் வருவதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் அதிலேயே இருந்தேன். அதற்குப் பிறகு 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழை விடாமல் படித்தேன். லினக்ஸைப் பற்றித் தமிழிலேயே, நம்மோடு உட்கார்ந்து பேசுகிற மாதிரி எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது. எந்தக் கட்டளையை எங்கே தட்ட வேண்டும் என்பதை நான் கற்றது பெரும்பாலும் அங்கேதான்.

கடைக்கு எதைப் போடுவது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. அந்த ஆண்டு ஏப்ரலில் வந்த உபுண்டு 14.04இல் யூனிட்டி என்ற திரை அமைப்பு இருந்தது. சின்னங்கள் இடப்பக்கம் நெடுக்காக அடுக்கியிருக்கும்; சன்னலை மூடும் பொத்தானும் இடது மூலையில் இருக்கும். அழகான அமைப்புதான். ஆனால் பத்திரம் அடிக்க ஆள் காத்துக்கொண்டிருக்கும்போது, மூடும் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. மே மாதக் கடைசியில் வந்த லினக்ஸ் மின்ட் 17இல் மெனு கீழே இடது மூலையில், மூடும் பொத்தான் மேலே வலது மூலையில், கடிகாரம் அதற்குரிய இடத்தில். பழைய கணினிக்கேற்ற எக்ஸ்எஃப்சிஇ திரையோடும் அது கிடைத்தது. எதையும் அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே கணினியைத் தொடங்கி அண்ணாச்சிக்குக் காட்டினேன். அவர் சுட்டியைப் பிடித்துக் கொஞ்சநேரம் அங்குமிங்கும் போய்ப் பார்த்தார். “வேற ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கின மாதிரி இருக்கு. ஆனா போர்டு எல்லாம் படிக்க முடியுது” என்றார்.

கடையில் மூன்று பேர் கணினியில் உட்கார்வார்கள். அண்ணாச்சி கணக்குக்கு மட்டும். படம், வண்ண அழைப்பிதழ், ஃபிளெக்ஸ் வேலையெல்லாம் பார்க்கும் இளைஞன் ஒருவன். மூன்றாவது, அக்கா. கடையின் தட்டச்சு முழுவதும் அக்காவின் கையில்தான் இருந்தது. வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளி முடித்த கையோடு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் லோயரும் ஹையரும் தமிழில் தேறியவர். கணினிக்கு வந்தது பிறகுதான். திரை மாறப்போகிறது என்று கேள்விப்பட்டதும் எல்லோரும் அவரை நினைத்துத்தான் கவலைப்பட்டார்கள். சின்னப் பையன் ஒரு நாளில் பிடித்துக்கொள்வான், அக்கா என்ன செய்வார் என்று பேச்சு.

அக்கா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “தம்பி, யளனக அப்படியே இருக்குமா?”

தமிழ்த் தட்டச்சு படித்த எவருக்கும் இந்த நான்கெழுத்து தெரியும். முதல் பாடம் அது. இடக்கையின் சுண்டுவிரலிலிருந்து ஆட்காட்டி விரல்வரை ய, ள, ன, க. வலக்கையில் த, ம, ட. பயிலகத்தில் பக்கம் பக்கமாக இதையே அடிக்கவைப்பார்கள். மலாயாவில் வாழ்ந்த யாழ்ப்பாணத் தமிழர் ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துகளையும் ஒரு தட்டச்சுப் பொறியின் விசைகளுக்குள் கொண்டுவர எழுத்துகளைத் துண்டுகளாகப் பிரித்தார். கொம்பு தனி, கால் தனி, புள்ளி தனி. அதனால் ‘கொ’ அடிக்க வேண்டுமென்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கை போகும். புள்ளிக்கு இன்னொரு நுட்பம் உண்டு. அந்த விசையை அடித்தால் வண்டி நகராது. எனவே முதலில் புள்ளி, பிறகு அதன் கீழே எழுத்து. இந்த வரிசையெல்லாம் அக்காவின் விரலில் முப்பது வருடமாக ஊறியிருந்தது. அவர் தட்டும்போது திரையைப் பார்ப்பதில்லை. கண் எப்போதும் பக்கத்தில் கிளிப் மாட்டி நிறுத்திவைத்த கையெழுத்துப் படியில்தான் இருக்கும். திரையில் சின்னம் எங்கே இருந்தால் என்ன, மெனு என்ன நிறத்தில் வந்தால் என்ன? அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லாததற்குக் காரணம் துணிச்சல் அல்ல. அவர் வேலை செய்யும் இடம் திரை அல்ல என்பதுதான்.

அவர் கேள்விக்கு உடனே ‘ஆமாம்’ என்று சொல்ல என்னால் முடியவில்லை. காரணம், பழைய கணினியில் எங்கள் கடை வானவில் எழுத்துருக்களில் ஓடியது. அவை எட்டு பிட் எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் மேல் தமிழ் வடிவத்தை ஏற்றிவைத்திருப்பார்கள். கணினியைப் பொறுத்தவரை அது ஆங்கிலம். நம் கண்ணுக்கு மட்டும் தமிழ். இந்த ஏற்பாட்டில் தட்டச்சு வரிசை மிக இயல்பாக உட்கார்ந்துவிடும். கொம்பு அடித்தால் கொம்பு, க அடித்தால் க, கால் அடித்தால் கால் — மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ‘கொ’. யூனிகோடு அப்படி அல்ல. அங்கே எழுத்து கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அல்லாமல் ஒலிக்கிற வரிசையில் சேமிக்கப்படுகிறது. க முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே அது க-வுக்குப் பின்னால்தான் இருக்கும். அக்காவின் விரல் ஒரு வரிசையில் போகும், கணினி இன்னொரு வரிசையில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவே நின்று யாராவது கொடுத்து வாங்க வேண்டும்.

அப்படி ஒன்று இருந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருளும், அதற்குப் பின்னால் எம்17என் என்ற நிரல் தொகுப்பும். எம்17என்னை எழுதியவர்கள் ஜப்பானில், ஏ.ஐ.எஸ்.டி. என்ற ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கெனிச்சி ஹண்டா முதலானோர். உலகத்தின் பல மொழிகளுக்கு விசை அட்டவணைகள் அதில் சேர்ந்திருக்கின்றன. தமிழுக்கு மட்டுமே பல: தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிபெயர்ப்பு, அதோடு தட்டச்சு. பட்டியலில் கடைசிச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். கோவில்பட்டியில் தட்டச்சு படித்த ஒருவரின் விரலுக்கு வேண்டியது, தமிழ் பேசாத நாட்டில் உருவான ஒரு தொகுப்புக்குள், காசு கேட்காமல், யாரோ நினைத்துப் பார்த்து வைத்ததாகக் காத்திருந்தது.

அதை நிறுவி, லிபர் ஆபீஸைத் திறந்து வைத்து, அக்காவை உட்காரச் சொன்னேன். அன்று வந்த ஒரு வாடகை ஒப்பந்தத்தின் படியை எடுத்துக்கொண்டார். முதல் வரி போனது. இரண்டாவது வரியும் போனது. ஒவ்வொரு கொம்பும் திரையில் ஒரு கணம் தனியாக, அடிக்கோட்டோடு நிற்கும். அடுத்த விசையில் மெய் வந்ததும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அக்கா அதைக் கவனிக்கவே இல்லை. பத்தி முடிந்து தலையைத் தூக்கிப் பார்த்து, “வந்துருச்சே” என்றார். கடை முழுக்க யோசித்துக்கொண்டிருந்த மாற்றம் அவரைப் பொறுத்தவரை அந்த ஒரு பத்தியில் முடிந்துவிட்டது.

முற்றிலும் முடிந்தது என்றும் சொல்லிவிட முடியாது. எழுத்துகள் சரியாக வந்தன. ஓரத்து விசைகள் சில ஒத்துவரவில்லை. கேள்விக்குறி, அடைப்புக்குறி, சாய்கோடு, கிரந்த எழுத்துகளில் இரண்டு மூன்று. தட்டச்சுப் பொறியிலேயே கம்பெனிக்குக் கம்பெனி ஓரத்து விசைகள் வேறுபடும். அக்கா படித்த பொறியில் ஸ்ரீ ஓர் இடத்தில், அட்டவணையில் வேறிடத்தில். பத்திரத்தில் ஸ்ரீ வராத பக்கம் இருக்காது. ஒவ்வொரு முறையும் கை பழைய இடத்துக்குப் போய் வேறு எழுத்து விழும். அவர் நிறுத்தி, அழித்து, தேடி, மறுபடி அடிப்பார். ஒரு நாள் முழுக்கப் பார்த்தேன். சொல்லும்போது சிறிய விஷயமாகத் தெரியும். ஆனால் வேகமாகத் தட்டச்சு அடிக்கும் ஒருவரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துகிற இயந்திரத்தை நான் எளிமையானது என்று சொல்லமாட்டேன், அதன் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும்.

எம்17என்னின் அட்டவணை ஒரு சாதாரண உரைக்கோப்பு. எந்த விசைக்கு எந்த எழுத்து என்று வரிவரியாக, மேற்கோள்குறிக்குள் எழுதியிருக்கும். நிரல் தெரிந்தவர்தான் படிக்க வேண்டும் என்றில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கலாம். அதன் நகல் ஒன்றை எடுத்து நம் சொந்தக் கோப்புறையில் வைத்துத் திருத்தினால், ஐபஸ் அதை எடுத்துக்கொள்ளும். அன்று மாலை கடையில் கூட்டம் ஓய்ந்த பிறகு அக்காவை என் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். “அக்கா, கண்ண மூடிக்கிட்டு கேள்விக்குறி அடிங்க” என்பேன். அவர் விரல் எங்கே போகிறதோ அந்த விசையை எழுதிக்கொள்வேன். ஸ்ரீ, க்ஷ, ஹ, மேற்கோள்குறி, ரூபாய்க்கு அவர் போடும் குறி, எல்லாம். வாயால் கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது. எந்த விரல் என்பது கைக்குத்தான் தெரியும். பட்டியல் முடிந்ததும் அட்டவணையில் அந்த வரிகளை மாற்றி, ஐபஸை மறுபடி தொடங்கினேன். அக்கா ஒரு பத்திரத்தின் முதல் பக்கத்தை நிற்காமல் அடித்தார்.

அந்த மாலையில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. பயன்படுத்த எளிது, கடினம் என்று இயங்குதளங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் திரையைத்தான் பேசுகிறார்கள். மெனு எங்கே, சின்னம் எப்படி, எத்தனை சொடுக்கு. அக்காவுக்கு எளிமை என்பது, முப்பது வருடம் உழைத்துச் சேர்த்த கைப்பழக்கத்தை இயந்திரம் மதிக்கிறதா என்பது. மதிக்காவிட்டால் அதை மதிக்கும்படி நம்மால் மாற்றமுடிகிறதா என்பது. பழைய கணினியில் அந்தக் கைப்பழக்கம் மதிக்கப்பட்டது, யாரோ ஒரு மென்பொருள்காரர் அதை நினைத்துப் பார்த்ததால். லினக்ஸிலும் அப்படித்தான். ஆனால் இங்கே மீதிக் குறையை நாங்களே, ஒரு மாலையில், கடையில் உட்கார்ந்தபடி தீர்த்துக்கொள்ள முடிந்தது. அந்தக் கோப்பு பூட்டி வைக்கப்படவில்லை. நான் லினக்ஸைப் பற்றி இன்றுவரை பேசுவதற்கு அந்த ஒரு காரணம் போதும்.

ஒன்றை மட்டும் அட்டவணையால் மாற்ற முடியவில்லை. அழிக்கும் விசை. பழைய எழுத்துருவில் ‘கெ’ அடித்துவிட்டு ஒருமுறை பின்னால் அழித்தால் க போகும், கொம்பு நிற்கும். அடித்த வரிசைக்கு நேர் எதிராக அழியும். யூனிகோட்டில் ஒருமுறை அழித்தால் கொம்பு போகும், க நிற்கும். அக்கா இதை இரண்டாவது நாளே பிடித்துவிட்டார். எனக்கு யாரும் அதைச் சொல்லித்தந்ததில்லை. நான் படித்த எந்தக் கட்டுரையிலும் அது இல்லை. நான் காரணத்தை விளக்கியதும், “சரி, பாதி எழுத்த அழிக்க வேண்டாம், முழுச் சொல்லையும் அழிச்சிட்டு அடிச்சிக்கிறேன்” என்றார். தட்டச்சுப் பொறியில் அழிக்கவே வழி கிடையாது. பிழை விழாமல் அடிக்கக் கற்ற தலைமுறை அது. அவருக்கு அந்த விசை அதிகம் தேவைப்படவும் இல்லை.

மற்ற மாறுதல்கள் எல்லாருக்கும் வருவதுதான். சி டிரைவ் எங்கே என்று முதல் வாரம் முழுக்கக் கேட்டார்கள். ஹோம் என்ற கோப்புறையைக் காட்டி, உங்கள் பொருள் எல்லாம் இதற்குள் என்றேன். கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் லினக்ஸுக்கு வெவ்வேறு என்பதால், ஒரே ஆளின் மனு இரண்டு கோப்பாகச் சேர்ந்திருந்தது. பெயரைத் தமிழிலேயே வையுங்கள் என்றேன். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது, தொல்லை தீர்ந்தது. நகலெடுப்பது, ஒட்டுவது, சேமிப்பது எல்லாம் அதே விசைகள். மென்பொருள் எதையாவது நிறுவப் போனால் கடவுச்சொல் கேட்கும். அண்ணாச்சி அதைத் தொந்தரவாக நினைக்கவில்லை. “கடையில யாரும் எதையும் கண்டபடி ஏத்த முடியாதுன்னா அது நல்லதுதானே” என்றார்.

அச்சில்தான் உண்மையான சிரமம். இருந்த இரண்டு அச்சுப்பொறிகளில் ஒன்று செருகியதும் வேலை செய்தது. மற்றொன்றுக்கு ஓட்டி மென்பொருளைத் தேடி எடுத்து அமைக்கவே பெரும்பாடாயிற்று. பத்திரத் தாள் அதைவிட நுட்பமான காரியம். முத்திரைத்தாளின் மேல்பாதியில் முத்திரை இருக்கும்; வரிகள் அதற்குக் கீழே, சரியான இடத்தில் தொடங்க வேண்டும். வேர்டில் பல வருடமாகத் திட்டமிட்டு வைத்திருந்த ஓர அளவுகள் லிபர் ஆபீஸில் திறந்தபோது ஒரு வரி, ஒன்றரை வரி நகர்ந்தன. எழுத்துருவும் மாறியிருந்ததால் கடைசி இரண்டு வரி அடுத்த பக்கத்துக்குப் போய் நின்றது. முத்திரைத்தாள் காசு கொடுத்து வாங்கியது; அதில் சோதனை பார்க்க முடியாது. லீகல் அளவு வெள்ளைத்தாளில் அடித்து, முத்திரைத்தாளோடு சேர்த்து டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துப் பார்த்துத்தான் அளவைச் சரிசெய்தோம். ஒருமுறை சரியானதும் அதை வார்ப்புருவாகச் சேமித்துவிட்டேன். பத்திரத்தில் திரும்பத் திரும்ப வரும் நீண்ட வாசகங்களை லிபர் ஆபீஸின் தானியங்கு உரையில் ஏற்றிக் கொடுத்தேன். சுருக்கெழுத்தை அடித்து எஃப்3 தட்டினால் முழு வாக்கியம் வரும். அக்காவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது.

எல்லோரும் எளிதாகப் பிடித்துக்கொள்வான் என்று நினைத்த இளைஞனுக்குத்தான் மாற்றம் கடினமாக இருந்தது. அவன் திறமைசாலி. போட்டோஷாப்பில் அவன் கை போகிற வேகத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. ஆனால் அவனுடைய வேலை முழுக்கத் திரையில் நடப்பது. ஒவ்வொரு கருவியும் எந்த மூலையில் இருக்கிறது என்பதில் அவன் திறமை இருந்தது. கிம்ப்பைக் கொடுத்தேன், இங்க்ஸ்கேப்பைக் கொடுத்தேன். நல்ல மென்பொருள்கள்தான். முதலிலிருந்து அவற்றில் கற்பவருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் மறுநாள் காலை ஃபிளெக்ஸ் கட்ட வேண்டிய ஒருவர் முன்னால் நின்றுகொண்டிருக்கும்போது புதிதாகக் கற்க நேரம் ஏது? அதோடு அச்சகங்கள் எல்லாம் பேஜ்மேக்கர் கோப்பைத்தான் கேட்டன. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தமிழ் தெரியாது. லினக்ஸில் அதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட ஸ்கிரைபஸோ அந்த நாளில் தமிழ்க் கூட்டெழுத்துகளைச் சரியாகக் கோக்காது; 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில்தான் அந்த வசதி வந்தது.

லினக்ஸில் எல்லாம் இருக்கிறது, எதையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் அதற்கு நல்லது செய்வதில்லை என்பது என் உறுதியான கருத்து. அதை நம்பி மாறுகிறவர் முதல் தடங்கலிலேயே திரும்பிப் போய்விடுவார். பிறகு ஒருபோதும் வரமாட்டார். அவனுடைய கணினியை நாங்கள் மாற்றவில்லை. இணையக் கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, எக்ஸ்பி, போட்டோஷாப், பேஜ்மேக்கர், வானவில் எழுத்துரு எல்லாவற்றோடும் அதை அப்படியே விட்டோம். வெளியிலிருந்து வரும் பென்டிரைவ் முதலில் லினக்ஸ் கணினியில் திறக்கப்படும். வேண்டிய கோப்பு மட்டும் கடையின் பென்டிரைவில் அவனிடம் போகும். அந்த ஏற்பாடு நன்றாக நடந்தது.

மிச்சம் இருந்தது பழைய கோப்புகள். வருடக்கணக்காகச் சேர்ந்த பத்திர நகல்கள், எல்லாம் பழைய எழுத்துருவில். பத்திரம் எழுதுகிறவர்களுக்குத் தெரியும், பழைய நகல் எவ்வளவு முக்கியம் என்று. அதே நிலம் மறுபடி கைமாறும்போது கிழக்கு, மேற்கு, தெற்கு, வடக்கு என்று நான்கெல்லையையும் அதிலிருந்துதான் எடுப்பார்கள். யூனிகோட்டுக்கு மாற்றும் மாற்றிகள் இருந்தன. சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழும், நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். மாற்றியும் எங்களைப் போன்ற எத்தனையோ கடைகளுக்கு உதவியிருக்கும். ஆனால் எட்டு பிட் கோப்பில் ஒரு பொல்லாத சிக்கல் உண்டு. தமிழும் ஆங்கிலமும் ஒரே எண்களில் இருப்பதால், எது தமிழ், எது ஆங்கிலம் என்று மாற்றிக்குத் தெரியாது. பத்திரத்தின் நடுவே ஆங்கிலத்தில் இருந்த பான் எண், வாகனப் பதிவு எண், வங்கியின் பெயர் எல்லாம் அர்த்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறின. மாற்றிய ஒவ்வொரு கோப்பையும் பழைய அச்சு நகலோடு வைத்து அக்காதான் படித்துப் பார்த்தார். சர்வே எண் வரும்போது அவர் விரலால் தொட்டு, வாய்விட்டுச் சொல்லித்தான் அடுத்த வரிக்குப் போவார்.

எல்லாவற்றையும் மாற்றவில்லை. தேவைப்படும்போது தேவைப்படும் கோப்பை மாற்றிக்கொள்வது என்று வைத்துக்கொண்டோம். 2010 ஜூனில், கோவையில் செம்மொழி மாநாடு நடந்த நேரத்தில், தமிழக அரசு யூனிகோட்டைத் தரமாக ஏற்றது. அதற்கு நான்கு வருடம் கழித்தும் எங்கள் கடையில் தமிழ் இரண்டு விதமாகத்தான் சேமிக்கப்பட்டிருந்தது. தாளில் ஒன்றாகத் தெரிகிற தமிழ், கணினிக்குள் இப்படிப் பிரிந்து கிடப்பதை நினைத்து எனக்கு அடிக்கடி வருத்தம் வரும். ஒரு தலைமுறையின் எழுத்து, எழுத்துருவைத் தொலைத்ததும் படிக்க முடியாமல் போய்விடக் கூடாது.

தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொல்லலாமே என்று சிலர் கேட்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான விசைப்பலகை அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில், புள்ளி வைக்க வேண்டிய பல இடங்களில் அதுவே வைத்துக்கொள்ளும். நான் அதில்தான் அடிக்கிறேன். புதிதாகத் தொடங்குகிற யாருக்கும் அதையே சொல்வேன். கடையில் பழக வந்த ஒரு பெண் பிள்ளைக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன், சீக்கிரமே பிடித்துக்கொண்டாள். ஆனால் அக்காவிடம் நான் அதைக் கேட்கவே இல்லை. நல்லதொரு முறை வந்துவிட்டது என்பதற்காக, ஒருவர் வாழ்நாளெல்லாம் பழகிய கையை மறக்கச் சொல்வது நியாயமாக எனக்குப் படவில்லை. ஒரே கணினியில் இரண்டு விசைப்பலகைகளையும் வைத்து, விசை ஒன்றைத் தட்டி மாற்றிக்கொள்ளும்படி செய்தேன். காலையில் அக்கா ய, ள, ன, க என்று அடிப்பார். அவர் சாப்பிடப் போகும்போது அந்தப் பெண் அதே நாற்காலியில் உட்கார்ந்து தமிழ்99இல் தொடர்வாள்.

சில மாதம் கழித்து எட்டயபுரத்தில் தட்டச்சுக் கடை வைத்திருந்த ஒருவர், எங்கள் கடையில் பழைய கணினி நன்றாக ஓடுகிறது என்று கேள்விப்பட்டு வந்தார். மின்ட்டை அவருடைய பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். “அந்தத் தமிழ் டைப்பிங் ஃபைலயும் போட்டுக் கொடுங்க தம்பி” என்றார். கொடுக்கப் போனேன். அக்கா தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்.

“அண்ணே, உங்க கடையில டைப் அடிக்கிறது யாரு?”

தன் மனைவிதான் என்றார்.

“அவங்க எந்த மிஷின்ல படிச்சாங்கன்னு கேட்டீங்களா? இது என் கைக்குப் போட்டது. அவங்களுக்கு ஸ்ரீ வேற இடத்துல இருக்கும்.”

அவர் அங்கேயே நின்று வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். அக்கா போனை வாங்கி, அந்த அம்மாவிடம் ஒவ்வொரு குறியாகக் கேட்டு எனக்குச் சொல்லச் சொல்ல, நான் அட்டவணையில் வரிகளை மாற்றினேன். மாற்றிய கோப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். எட்டயபுரம் என்றே வையுங்கள் என்றார் அவர்.